வீதி மேட்டிலே! வீடு பள்ளத்திலே!

தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டுவிட்டார்கள் என்றால் நம் மக்களுக்கு மகிழ்ச்சிதான். குண்டும் குழியுமாகக் கிடந்த பாதையிலே சைக்கிள் மிதித்து ஆலைக்குப் போய்வந்தவனுக்கு, ஷிப்டு முடிந்து நள்ளிரவிலே திரும்புகிறவனுக்கு, அந்தக் கரிய வழவழப்பு பெரிய நிம்மதியாகவே தோன்றும். மகிழட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ஆரவாரம் அடங்கியதும், தோழர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு வாசற்படியிலே நின்று தெருவைப் பாருங்கள். வீடு கட்டிய நாளிலே தெருவிலிருந்து எத்தனை படி ஏறி உள்ளே போனார்கள்? இன்று எத்தனை படி ஏறுகிறோம்? ஏறுகிறோமா, இறங்குகிறோமா?

சென்னையின் பழைய பகுதிகளிலே நடந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். ஒரு காலத்திலே திண்ணையாக இருந்தது இன்று தெருவோடு தெருவாகிவிட்டது. ஜன்னல் இருந்த உயரத்திலே சாக்கடை மூடி நிற்கிறது. வசதியுள்ளவர்கள் ஜாக்கிகளை வரிசையாக வைத்து வீட்டையே அடியோடு மேலே தூக்குகிறார்கள். அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வசதியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வாசலுக்குக் குறுக்கே நாலு செங்கல்லை அடுக்கிச் சிமெண்டு பூசி வைத்துக்கொண்டு, ஐப்பசி பிறந்தால் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வீட்டைத் தூக்க முடிகிறவனுக்கும் கட்டிலைத் தூக்கிச் செங்கல்மேல் வைக்க மட்டுமே முடிகிறவனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தார்ச்சாலை உண்டாக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அதை வளர்த்துவிடுகிறது.

காரணம் மிக எளிது. பழைய தார் தேய்ந்துபோனால் அதன்மேலே புதுத் தார். அதுவும் தேய்ந்தால் அதற்கும் மேலே இன்னொன்று. ஒரு தடவைக்கு 4 செ.மீ. என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து தடவையிலே 20 செ.மீ. ஒரு படிக்கட்டின் உயரத்துக்கும் மேலே! ஐந்து முறை தேர்தல் வந்தது, ஐந்து முறை தார் வந்தது, ஒரு படி போயிற்று. இதற்குப் பெரிய கணித மேதை வரவேண்டியதில்லை. பள்ளிப்பிள்ளை போடும் கணக்கு.

பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதியதைப் போடு, மட்டம் மாறாதிருக்கட்டும். இதுதான் முறை. இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டிலே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், மேல்தளத்தைச் சுரண்டாமல் சாலை போடக்கூடாது, வீடுகளுக்குள் தண்ணீர் புகும்படி மட்டத்தை உயர்த்தக்கூடாது என்று துறைகளுக்கெல்லாம் அறிவுறுத்தினார். அதன் பிறகு பெரிய சாலைகளிலே சுரண்டும் இயந்திரத்தை மக்கள் கண்ணாலே கண்டார்கள். பெரிய உருளை ஒன்று, அதிலே வரிசை வரிசையாக உலோகப் பற்கள். சுழன்று சுழன்று தாரைக் கடித்தெடுத்துப் பின்தொடரும் லாரியிலே துப்பிக்கொண்டு போகிறது. நல்ல காட்சிதான். ஆனால் அந்த இயந்திரம் பெரிய சாலையிலிருந்து திரும்பி, தொழிலாளர் குடியிருக்கும் சந்துக்குள்ளே எத்தனை முறை நுழைந்திருக்கிறது என்பதே நாம் கேட்கும் கேள்வி.

"சந்துக்குள் இயந்திரம் நுழையாது" என்பார்கள். உண்மை, இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சுரண்டும் அரக்கன் நுழையமாட்டான். ஆனால் அரை மீட்டர் அகலத்துக்குச் சுரண்டும் சிறிய இயந்திரங்கள் இருக்கின்றன. அதுவும் இல்லையென்றால் காற்றழுத்தக் கடப்பாறை இருக்கிறது. சிறு பொக்லைன் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய் போடும்போது இதே சந்தைக் குடைந்தெடுக்க எந்த இயந்திரம் நுழைந்ததோ, அது இதற்கும் நுழையும். குழாய்க்காக உடைக்கத் தெரிந்த தெருவை மட்டத்துக்காக உடைக்கத் தெரியாதா?

இதுவரை சொன்னது மேல்தோலைப் பற்றி. மேல்தோலைச் சுரண்டினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இனி நாம் சொல்லப்போவது.

தெரு எதன்மேலே நிற்கிறது? தாரின்மேலா? ஜல்லியின்மேலா? இல்லை. எல்லாப் பாரத்தையும் கடைசியிலே தாங்குவது அடியிலிருக்கும் மண். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை விளக்கிச் சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லௌடன் மக்காடம். நம் ஊர் ஓவர்சீயர்கள் 'மக்காடம் ரோடு' என்று வாய்நிறையச் சொல்கிறார்களே, அந்த மனிதர்தான். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற அவர் சொன்னதன் சாரம் இது: மண்ணைக் காய்ந்த நிலையிலே வைத்துக்கொள், அது எந்தப் பாரத்தையும் தாங்கும், நனையவிட்டால் எவ்வளவு கல்லைக் கொட்டினாலும் வீண். இன்னொன்றையும் அவர் செய்தார். கெட்டுப்போன சாலைமேல் மேலும் கல்லைக் கொட்டவில்லை. பழைய சாலையைக் கிளறி எடுத்தார். பெரிய கல்லையெல்லாம் ஆறு அவுன்ஸ் எடைக்கு மேல் போகாதபடி சிறிதாக உடைக்கச் செய்தார். அதே கல்லையே திரும்பப் பரப்பினார். உடைத்தவர்கள் யார் தெரியுமா? சாலையோரத்திலே சிறு சுத்தியலோடு உட்கார்ந்திருந்த கிழவர்களும் பெண்களும் பிள்ளைகளும். சாலைகள் அவர் பெயரைத் தாங்கின. சுத்தியல் பிடித்தவர்களின் பெயரை எந்த மைல்கல்லும் தாங்கவில்லை.

மண் காய்ந்திருக்க வேண்டும் என்றார் மக்காடம். நம் மண் எப்படிப்பட்டது? சென்னையின் பெரும்பகுதி களிமண். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணாநகர், பெரம்பூர், விருகம்பாக்கம் எல்லாம் களிமண் பூமி. தெற்கே போனால் மதுரை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களிலே பரந்து கிடக்கும் கரிசல்; மேற்கே கோவைப் பக்கத்திலும் கரிசல். பருத்திக்கு அது தாய்ப்பால். சாலைக்கு அது நஞ்சு. கரிசல் காட்டிலே பிறந்தவனுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோடையிலே கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே நிலம், மழை விழுந்ததும் உப்பி, காலோடு ஒட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றவிடாது. தண்ணீரைக் குடித்தால் வீங்குகிற ஒரு கனிமம் அந்த மண்ணிலே இருக்கிறது. மாண்ட்மோரிலோனைட் என்று அதற்குப் பெயர். வீங்குவதும் சுருங்குவதும் ஆண்டுதோறும் நடக்கும். மேலே இருக்கிற தார்த்தளம் என்ன செய்யும்? ரப்பரா அது, கூடவே நீண்டு சுருங்க? வெடிக்கும்.

அந்த வெடிப்பைப் படிக்கத் தெரிந்துகொள்வது நம் தோழர்களுக்கு நல்லது. சாலையின் ஓரத்தை ஒட்டி நீளவாட்டத்திலே கோடு கிழித்தாற்போல ஒரு வெடிப்பு ஓடினால், ஓரத்து மண் நனைந்தும் காய்ந்தும் இழுபடுகிறது என்று பொருள். பக்கத்திலே பெரிய மரம் நின்றால் இன்னும் விரைவாக நடக்கும். அதன் வேர் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. (அதற்காக மரத்தை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். சாலையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.) சக்கரம் ஓடுகிற தடத்திலே முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அடித்தளம் தளர்ந்துவிட்டது என்று பொருள். மழை விட்ட பிறகு அந்தக் கட்டங்களின் இடையிலே வெளுத்த சேற்றுக்கறை தெரிந்தால் சங்கதி முற்றிவிட்டது: பஸ் போகும்போதெல்லாம் அடியிலிருக்கும் களிமண் கூழாகி வெடிப்பின் வழியே மேலே பீச்சுகிறது. ஜல்லியும் களியும் கலந்துவிட்டன. இனி அங்கே அடித்தளம் என்று ஒன்று கிடையாது.

இப்படிப்பட்ட இடத்திலே நாலு செ.மீ. சுரண்டி நாலு செ.மீ. போட்டால் என்ன ஆகும்? மட்டம் உயராது, அது சரி. ஆனால் கீழே இருக்கும் வெடிப்பு புதுத் தாரிலும் அதே கோட்டிலே, அதே கட்டத்திலே, ஓரிரு மழைக்காலத்துக்குள் எழுந்து வரும். சீழ் வைத்த புண்ணைக் கழுவாமல் மேலே பிளாஸ்திரி ஒட்டும் வைத்தியம் அது.

இன்னொரு சூட்சுமமும் இங்கே இருக்கிறது. பல தெருக்களிலே ஐந்தாறு அடுக்காகத் தார் ஏறி நிற்கிறதே, அந்தக் கனமே இத்தனை நாள் அடியின் பலவீனத்தை மறைத்துக்கொண்டிருந்தது. மட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்று அத்தனை அடுக்கையும் சுரண்டிவிட்டு, நொந்துபோன அடித்தளத்தின்மேல் ஓர் அடுக்கை மட்டும் போட்டால், சாலை முன்பிருந்ததைவிடச் சீக்கிரமே உட்காரும். பிறகு, "பார்த்தீர்களா, சுரண்டச் சொன்னதனால் வந்த வினை" என்று நம்மையே சுட்டிக் காட்டுவார்கள்! ஆகவே மட்டத்தை இறக்கு என்று கேட்கிறவர்கள், அடியைச் சரிசெய் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அடியைச் சரிசெய்வது எப்படி? நல்ல அடித்தளம் உள்ள இடத்திலே சுரண்டலோடு நிறுத்திக்கொள்ளலாம். முதலைத் தோல் பிடித்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி, களி கலந்த ஜல்லியை முழுவதும் வாரி எடுத்துவிட வேண்டும். வெளிப்பட்ட களிமண் ஈரமாயிருந்தால் அன்றைக்கே ரோலரை ஏற்றக்கூடாது. காய விட வேண்டும். ஈரக் களிமண்ணின்மேல் எத்தனை ரோலர் ஓட்டினாலும் அது இறுகாது. பிசைந்த மாவுபோல இங்கே அழுத்தினால் அங்கே எழும்பும். காயக் காலமில்லையென்றால் சுண்ணாம்பு இருக்கிறது. வெற்றிலையிலே தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்பு! மண்ணின் எடையிலே நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு கலந்து பிசறினால், ஒட்டிக்கொள்ளும் களி பொடிபொடியாக உதிரும் மண்ணாக மாறுகிறது, வீக்கம் குறைகிறது, தாங்கும் பலம் கூடுகிறது. அதன்மேல் நீரை வடியவிடும் கிராவல் படுகை, பிறகு ஈரக்கலவை ஜல்லி, அடுக்கடுக்காக இறுக்கி, அதற்கும் மேலே தார்.

1934 முதல் இயங்கிவரும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்திருக்கும் நெறிமுறை இன்னும் கடுமையானது. வீங்கும் களிமண்ணுக்கும் சாலைக்கும் இடையே 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரையிலான கனத்துக்கு வீங்காத மண்ணை மெத்தையாகப் போடச் சொல்கிறது. புதிதாகப் போடும் சாலைக்கு அது சரி. குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் பின்னிக் கிடக்கும் நகரத்துச் சந்திலே ஒரு மீட்டர் தோண்டு என்று நாம் அடம்பிடிக்கவில்லை. ஆனால் மண்ணைச் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. மண் மாதிரியை நான்கு நாள் தண்ணீரிலே ஊறவைத்து, பிறகு அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளந்து பார்க்கும் முறை. கல்லூரி மாணவன்கூட அதைச் செய்வான். அந்த நான்கு நாளாவது நம் தெருக்களுக்காக யாரேனும் காத்திருந்தார்களா?

பணம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான், அதை நாமும் கேட்போம். நூறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் உள்ள ஒரு தெருவிலே நாலு செ.மீ. சுரண்டினால் வருவது 20 கன மீட்டர். எடையிலே ஏறத்தாழ 46 டன்; மூன்று நாலு டிப்பர் லாரி நிறையும். அதிலே நூற்றுக்கு ஐந்து பங்கு தார் என்றால் இரண்டு டன்னுக்கு மேலே தார் இருக்கிறது. மீதியெல்லாம் மலையைப் பிளந்து எடுத்த கருங்கல் ஜல்லி. குப்பையா இது? கச்சா எண்ணெயைக் கப்பலிலே கொண்டுவந்து காய்ச்சி எடுத்த தார். இரண்டு தலைமுறைக்குத் திரும்பி வராத கல். சூடாக்கிப் புதுக் கலவையோடு சேர்த்தால் மறுபடியும் சாலைக்கே உதவும். அதற்கான நெறிமுறையை இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2015இலேயே வெளியிட்டுவிட்டது. மேல்தளத்துக்கு வேண்டாமென்றாலும் சந்துகளின் அடிப்படுகைக்காவது போடலாம். அப்படியிருக்க, சுரண்டிய சரக்கு லாரியேறி எங்கே போகிறது? யார் கணக்கிலே வரவு? எஸ்டிமேட்டிலே அதன் மதிப்பு கழிக்கப்படுகிறதா? சுரண்டியதற்கு ஒரு பில், சுமந்து போனதற்கு ஒரு பில், அதே சரக்கு தனியார் மனையை மேடாக்கப் போனால் அதற்கும் ஒரு விலை என்றால், மக்களின் பணம் மூன்று இடத்திலே ஒழுகுகிறது.

மக்கள் குறையையும் மறைக்காமல் சொல்கிறோம். சுரண்டிய தெருவை வாரக்கணக்கிலே அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வரிவரியாகக் கீறிக் கிடக்கும் அந்தத் தளத்திலே இரு சக்கர வண்டி தடுமாறுகிறது. பாதாளச் சாக்கடை மூடி முழங்கால் இடிக்கும் உயரத்திலே துருத்தி நிற்கிறது. புழுதி வீட்டுச் சோற்றுப் பானை வரை வருகிறது. சுரண்டுவது இன்று, தார் போடுவது அடுத்த ஒரு சில நாளிலே என்று ஒப்பந்தத்திலேயே நாள் குறிக்க முடியாதா? சுரண்டும் வேலைக்கு ஓர் ஆள், தார் போடும் வேலைக்கு வேறோர் ஆள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒருவரை ஒருவர் காரணம் காட்ட விடுவதனாலேயே பாதித் தொல்லை வருகிறது.

வேலை செய்கிறவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூற்றைம்பது டிகிரி கொதிப்பிலே இறங்கும் கலவையின்மேல் காலிலே சாக்கைச் சுற்றிக்கொண்டு நடக்கிறான் அவன். ஊர் உறங்கும் நேரத்திலே அவனுக்கு வேலை. சுரண்டும்போது எழும் தூளிலே கருங்கல்லின் நுண்பொடி இருக்கிறது. நுரையீரலிலே தங்கினால் திரும்பி வராத பொடி அது. இயந்திரத்திலே தண்ணீர் தெளிக்கும் குழாய் இருக்கிறது. தொட்டியிலே தண்ணீர் இருந்தால்தானே தெளிக்கும்? முகமூடி, பூட்ஸ், கையுறை இவற்றுக்கு எஸ்டிமேட்டிலே தொகை வேண்டும். தொகை இருந்தால் மட்டும் போதாது, பொருள் அவன் காலிலும் கையிலும் இருக்க வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்தவனாக இருக்கலாம். நம் மொழி தெரியாதவனாக இருக்கலாம். அவனும் தொழிலாளிதான்.

கிளைக் கழகத் தோழர்கள் செய்யக்கூடியது என்ன? ஊர்வலமும் முழக்கமும் வேண்டிய இடம் வேறு. இதற்கு வேண்டியது ஒரு டேப்பும் கொஞ்சம் பெயிண்டும். உங்கள் தெருவுக்குச் சாலை வேலை வருகிறது என்று கேள்விப்பட்டதும், பத்து வீட்டுக்கு ஒரு வீடாகத் தெருவோரச் சுவரிலே, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சாலை மட்டத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்திலே ஒரு கோடு போடுங்கள். தேதியையும் எழுதுங்கள். வேலை முடிந்ததும் அளந்து பாருங்கள். 96 செ.மீ. இருந்தால் சாலை நாலு செ.மீ. ஏறியிருக்கிறது. யாரும் மறுத்துப் பேச முடியாத சாட்சி அது. சுவர் பொய் சொல்லாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நம் கையிலே இருக்கிறது. அதைக் காகிதம் கேட்கிற சட்டம் என்று மட்டும்தான் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதன் இரண்டாம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: நடக்கிற வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளுக்குள் விடை. எஸ்டிமேட்டைக் கேளுங்கள்: எத்தனை செ.மீ. சுரண்டல், எத்தனை செ.மீ. தார், எந்தெந்த இடத்திலே அடித்தளம் மாற்றம், சுரண்டிய சரக்குக்கு என்ன வழி என்று நாலு கேள்வி. முப்பது நாள் ஆகும் என்பதனால் இயந்திரம் வந்து நின்ற பிறகு மனு எழுதுவதிலே பயனில்லை. டெண்டர் விட்ட செய்தி வந்த அன்றே எழுதிப் போடுங்கள். கிராமத்திலே கிராம சபை இருக்கிறது. நகரத்திலே பகுதி சபை இருக்கிறது. அங்கே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கவுன்சிலர் நம் கட்சிக்காரராக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு தோழர் தயங்கலாம். நம் கட்சிக்காரர் என்றால் நம் கேள்விக்கு முதலிலே பதில் சொல்லவேண்டியவர் அவர்தான்!

வேலை நடக்கும்போது பார்க்கவேண்டியவை சில உண்டு. சுரண்டிய பிறகு தூளைக் கூட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்தார்களா? பழுப்பு நிறத்து ஒட்டுத்தாரைச் சீராகத் தெளித்து, அது கறுக்கும்வரை காத்திருந்தார்களா? புழுதிமேல் போட்ட தார் பாய்போலச் சுருட்டிக்கொண்டு வரும் என்பது நாடறிந்த செய்தி. நடுவிலே சற்று உயர்ந்து இரு பக்கமும் சரிகிறதா? ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. சரிவு இருந்தால் போதும். அந்தச் சரிவு வடிகாலுக்குப் போய்ச் சேருகிறதா, யாரோ ஒருவர் வாசலுக்குப் போய்ச் சேருகிறதா? வடிகாலின் வாய் சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா? களிமண் பூமியிலே இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், மேலே சொன்ன அத்தனையும் செய்தாலும் தண்ணீர் ஓரத்திலே தேங்கி, ஓர மண்ணுக்குள் இறங்கி, மறுபடியும் அதே வெடிப்பைக் கொண்டுவரும்.

பருவத்தையும் கணக்கிலே வைக்க வேண்டும். சென்னைக்கு ஆண்டிலே ஏறத்தாழ 140 செ.மீ. மழை, அதிலே பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் என்ன நடந்தது என்பதை வியாசர்பாடிக்காரருக்கோ புளியந்தோப்புக்காரருக்கோ நினைவூட்ட வேண்டியதில்லை. அடித்தளத்தை வெட்டித் திறக்கும் வேலையெல்லாம் பங்குனி, சித்திரை, வைகாசியிலே, களிமண் காய்ந்து கிடக்கும்போது நடக்க வேண்டும். நிதியாண்டுக் கணக்கு, டெண்டர் தாமதம் என்று இழுத்து இழுத்து, புரட்டாசியிலே பள்ளம் தோண்டி ஐப்பசி மழையை அதிலே வாங்குவது நிர்வாகம் ஆகாது. எந்தத் தெருக்களுக்கு அடித்தள வேலை, எவற்றுக்குச் சுரண்டல் மட்டும் என்ற பட்டியலைத் தை மாதத்துக்குள் வட்டம் வட்டமாக வெளியிடும்படி மாநகராட்சியை நாம் கேட்கிறோம். பட்டியல் வந்ததும் சுவரிலே கோடு போடும் வேலையை அந்தந்தக் கிளை எடுத்துக்கொள்ளட்டும்.